கழிவுநீரைச் சுத்தம் செய்வது யார்?

நமது நாட்டு நகரங்கள் நாளொன்றுக்கு வெளியேற்றும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது. இதில் உண்மையாகச் சுத்தம் செய்யப்பட்டது சுமார் 2,024 கோடி லிட்டர்தான். அதாவது நூற்றுக்கு 28 பங்கு. மிச்சம் எங்கே போயிற்று? கங்கையில் போயிற்று, யமுனையில் போயிற்று, கூவத்தில் போயிற்று. ஏரி குளங்களிலும் ஏழைகள் தண்ணீர் இறைக்கும் கிணறுகளிலும் கலந்தது. நிலையங்கள் கட்டப்பட்ட இடங்களிலாவது வேலை ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. கட்டி வைத்த கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வேலை வாங்கப்படவில்லை.

இந்த நிலைமைக்குப் பரிகாரம் என்று இப்போது ஒரு புது மந்திரம் சொல்லப்படுகிறது. "நுண்ணுயிர்த் தொழில்நுட்பம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை, இந்தப் பொடியைத் தூவுங்கள், இந்தத் திரவத்தை ஊற்றுங்கள், வாய்க்கால் தானே சுத்தமாகும்" என்று கம்பெனிக்காரர்கள் நகராட்சிகளின் கதவைத் தட்டுகிறார்கள். ஜனங்களின் வரிப்பணம் இதில் போகிறது. ஆகவே இந்த விஞ்ஞானம் என்ன சொல்கிறது, அதன் பெயரால் நடக்கும் வியாபாரம் என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானத்தை நாம் சந்தேகிக்கவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள்தான். சிமெண்டுத் தொட்டியும் மோட்டாரும் குழாயும் அவை உழைப்பதற்கான பட்டறை. பட்டறை கட்டியவன்தான் வேலை செய்கிறான் என்று எண்ணுகிற பழைய தவறு இங்கேயும் நடக்கிறது.

இதன் வரலாறு மான்செஸ்டரில் தொடங்குகிறது. நமது வாசகர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. 1845ல் எங்கெல்ஸ் எழுதிய 'இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' என்ற நூலில் அந்நகரத்து இர்க் நதியின் கறுத்த, நாற்றமெடுத்த நீரும் அதன் கரையிலேயே தொழிலாளர் குடும்பங்கள் வாழ நேர்ந்த கொடுமையும் விரிவாக வருகின்றன. அதே மான்செஸ்டரில், மாநகராட்சிக்குச் சொந்தமான டேவிஹூம் கழிவுநீர் நிலையத்தில், எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள் வேலை பார்த்து வந்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1912ல் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸில் லாரன்ஸ் என்ற ஊரின் சோதனைச் சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தார். கழிவுநீருக்குள் காற்றை ஊதும் சோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது.

ஆர்டனும் லாக்கெட்டும் கழிவுநீரைச் சீசாக்களில் நிரப்பி, வெளிச்சம் படாமல் மூடி, காற்றை ஊதினார்கள். முதல் தடவை நீர் முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் யார் காத்திருப்பது? இந்த இடத்தில் மற்றவர்கள் செய்யாத ஒரு காரியத்தை அவர்கள் செய்தார்கள். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்பு நிறக் கசடை எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி காற்று, மறுபடி வடிப்பு, மறுபடி புதுக் கழிவுநீர். ஒவ்வொரு தடவையும் கசடு பெருகியது, நேரம் சுருங்கியது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளைக்குள் முடிந்தது. 1914ம் ஆண்டு ஏப்ரல் 3ந் தேதி இந்த முடிவுகளை அவர்கள் ரசாயனத் தொழில் சங்கத்தின் கூட்டத்தில் பகிரங்கமாகப் படித்தார்கள். அந்தக் கசடுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்'. நாம் உயிர்க்கசடு என்போம். இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் கழிவுநீர் சுத்தமாவது இந்த முறையில்தான். ஃபௌலரே 1916ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து பணியாற்றினார் என்பதால் இதில் நமது நாட்டுக்கும் பழைய உறவு உண்டு.

அந்தப் பழுப்புக் கசடில் என்ன இருக்கிறது? ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அங்கே ஒரு ஊரே இருக்கிறது. பாக்டீரியாக்கள் தாம் சுரக்கும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்திரளாக வாழ்கின்றன. சில மாவுப் பொருளைச் சிதைக்கும், சில கொழுப்பை, சில புரதத்தை. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு. ஒட்டாமல் தனியே திரியும் பாக்டீரியாக்களை அவற்றிலும் பெரிய ஓரணு உயிர்கள் மேய்ந்து தின்று நீரைத் தெளியவைக்கின்றன. மலத்திலும் மூத்திரத்திலும் இருந்து வரும் அம்மோனியா இருக்கிறதே, அதை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்த வேலைப் பிரிவினையை 1890 வாக்கில் நிரூபித்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யக்கூடிய பாக்டீரியாவும் உண்டு என்று 2015ல் தெரியவந்தது. அதனால் கூட்டத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடவில்லை.

நோய்க்கிருமிகளை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, தூய்மையாக வளர்த்து, அதன் குணத்தை எழுதிவைத்தார்கள். மருத்துவத்துக்கு அந்த முறை பெருந்தொண்டு செய்தது. ஆனால் சாக்கடையில் அது பல தடவை தோற்றது. சாராயத்திலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஒரு உயிர் என்று ஒன்றைப் பல ஆண்டுகள் பாடப் புத்தகத்தில் எழுதி வந்தார்கள். 1967ல் மார்வின் பிரையன்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பார்த்தபோது அது ஒன்றல்ல, இரண்டு! ஒன்று சாராயத்தைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியிடும்; அந்த ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அதற்கே வேலை நின்றுபோகும். மற்றொன்று ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக்கும். ஒன்றில்லாமல் மற்றொன்று அந்தத் தொழிலை நடத்த முடியாது. சென்னையில் கொடுங்கையூர் நிலையத்தில் கசடை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து, வரும் வாயுவால் மின்சாரம் எடுக்கிறார்களே, அங்கே நடப்பதும் இத்தகைய கூட்டு உழைப்புதான்.

இப்படிக் கோடானுகோடி உயிர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு யாராவது சொந்தக்காரன் என்று பத்திரம் எழுத முடியுமா? எழுதினார்கள். மான்செஸ்டர் மாநகராட்சியின் ஊழியர்கள், மாநகராட்சியின் பணத்தில், மாநகராட்சியின் சாக்கடையில் கண்டுபிடித்ததை ஒட்டி, காற்றூட்டும் முறைக்கும் தொட்டி அமைப்புக்கும் ஒரு தனியார் கம்பெனி பேடண்ட் உரிமைகளைப் பதிவு செய்துகொண்டது. அமெரிக்காவில் அந்த உரிமையைப் பிடித்துக்கொண்ட கம்பெனி நகரம் நகரமாக ராயல்டி கேட்டுப் புறப்பட்டது.

மில்வாக்கி என்ற நகரம் பணிய மறுத்தது. மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ள அந்த ஊர் 1925ல் தன் சொந்த நிலையத்தை ஓட்டத் தொடங்கி, உலர்த்திய கசடை உரமாகவும் விற்றது. கம்பெனி வழக்குப் போட்டது. நகரம் தோற்றது. நஷ்டஈடு கொடு என்றதோடு நிலையத்தை நிறுத்து என்றும் கீழ்க்கோர்ட்டு உத்தரவிட்டது! நிறுத்தினால் என்ன ஆகும்? ஊர்ச் சாக்கடை முழுவதும், ஜனங்கள் குடிநீர் எடுக்கும் அதே ஏரியில் போய் விழும். 1934ல் அப்பீல் கோர்ட்டு நஷ்டஈட்டை ஒப்புக்கொண்டாலும், பொதுஜன சுகாதாரத்தைக் கருதி, நிறுத்தும் உத்தரவை மட்டும் ரத்து செய்தது. சிக்காகோவும் இதே கம்பெனியிடம் வழக்கில் மாட்டியது. இந்த வழக்குகளைப் பார்த்துப் பயந்து, நல்ல முறை கையில் இருந்தும் அதைத் தொடாமல் தயங்கிய ஊர்கள் வேறு உண்டு. எத்தனை ஜனங்கள் எத்தனை ஆண்டு அசுத்த நீரைக் குடித்தார்கள் என்பது எந்தக் கோர்ட்டின் கணக்கிலும் ஏறவில்லை.

இதற்கு நேர்மாறான நடத்தையும் இருக்கிறது. ஹாலந்தில் வாகனிங்கன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காட்ஸே லெட்டிங்கா 1970களில் ஒரு புதுத் தொட்டியை உருவாக்கினார். கழிவுநீர் கீழேயிருந்து மேலே ஏறும்; வழியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கடுகு போன்ற மணிகளாகத் திரண்டு கிடக்கும்; காற்று ஊத வேண்டாம், மின்சாரச் செலவும் குறைவு. வெப்ப நாடுகளுக்கு ஏற்ற முறை. லெட்டிங்கா இதற்குப் பேடண்ட் எடுக்கவில்லை. தெரிந்தே எடுக்கவில்லை. ஏழை நாடுகளும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த முறை நமது நாட்டிலும் வந்தது. கான்பூரில் ஜாஜ்மாவ் பகுதியில் 1989ல் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் அளவில் ஹாலந்தின் ஒத்துழைப்போடு முதல் நிலையம் அமைந்தது. 2009ல் சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர்ப் பரிசு லெட்டிங்காவுக்குக் கிடைத்தது. பேடண்ட் இல்லாவிட்டால் விஞ்ஞானம் வளராது என்று வாதிப்பவர்கள் இந்த மனிதருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கல்கத்தாவின் கிழக்கே உள்ள மீன் ஏரிகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 12,500 ஹெக்டேர் பரப்பு. நகரத்துச் சாக்கடை அங்கே ஆழமில்லாத ஏரிகளில் விடப்படுகிறது. வெயிலில் பாசி வளர்ந்து பிராணவாயு தருகிறது, பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன, மீன் பெருகுகிறது. மோட்டார் இல்லை, பேடண்ட் இல்லை. தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் கற்ற வித்தை. அரசாங்க இன்ஜினீயர் துருவஜோதி கோஷ் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். 2002ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. 1992ல் ஹைகோர்ட்டு தடை விதித்த பிறகும் வீட்டுமனை வியாபாரிகளின் கண் அந்த நிலத்தை விட்டு விலகவில்லை.

இனி உயிரையே பேடண்ட் செய்த கதை. வங்கத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆனந்த சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். திறமையான ஆராய்ச்சி, சந்தேகமில்லை. 1980 ஜூன் 16ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த உயிருக்குப் பேடண்ட் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1989 மார்ச் 24ந் தேதி அலாஸ்காக் கடலில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதிக் கச்சா எண்ணெய் கொட்டியதே, அப்போது கடற்கரையில் என்ன செய்தார்கள்? உரம் போட்டார்கள்! அந்தக் கரையிலேயே வாழ்ந்துவந்த, பெயர் தெரியாத பாக்டீரியாக் கூட்டத்துக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்கச் செய்தார்கள். அது பெருகி எண்ணெயின் ஒரு பகுதியைச் சிதைத்தது. பேடண்ட் வாங்கிய உயிர் அங்கே போகவே இல்லை.

ஆனால் தீர்ப்பு போகாத இடம் இல்லை. 1995ல் உலக வர்த்தக ஸ்தாபன ஒப்பந்தம் நுண்ணுயிர்களுக்குப் பேடண்ட் தந்தே தீரவேண்டும் என்றது. நமது 1970ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் 2002ல் திருத்தப்பட்டது; செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் பேடண்ட் இல்லை, நுண்ணுயிர்கள் மட்டும் விலக்கு என்றாயிற்று. இயற்கையில் உள்ளதை அப்படியே எடுத்துப் பேடண்ட் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு மட்டும் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அதில் கை வைக்க விடக்கூடாது.

இந்த வெளிச்சத்தில் பொடி விற்பவர்களைப் பாருங்கள். ஏற்கெனவே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் நிறைந்த சாக்கடையில் வெளியிலிருந்து ஒரு டப்பா நுண்ணுயிரைக் கொட்டினால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பழைய கூட்டம் இரையைப் பங்கு விடுவதில்லை, மேய்கிற உயிர்கள் புதியவற்றைத் தின்கின்றன, மிச்சத்தை நீரோட்டம் அடித்துப் போகிறது. அப்புறம் மறுபடி டப்பா வாங்க வேண்டும். வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். விசேஷமான ரசாயனக் கழிவு உள்ள சில இடங்களில் வெளி நுண்ணுயிர்கள் பயன்படுவது உண்மை. ஊர்ச் சாக்கடைக்குப் பற்றாக்குறை நுண்ணுயிர் அல்ல. தொட்டியும் காற்றும் அவகாசமும்தான் பற்றாக்குறை. உயிர்க்கசடு நிலையத்தில் மின்சாரச் செலவின் பெரும்பகுதி காற்று ஊதுவதற்கே போகிறது. கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஊதுகுழலை நிறுத்தினால் அந்தக் கூட்டம் மூச்சுத் திணறிச் சாகும். எந்த டப்பாவாலும் அதை ஈடுகட்ட முடியாது.

நுண்ணுயிர்களால் ஆகாத காரியமும் உண்டு. ஆலை முதலாளிகள் மறைக்கப் பார்ப்பது இதைத்தான். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்பைப் போட்டன. அந்த நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுழைந்து நிறம் குறைந்து வெளியேறியது, உப்பு மட்டும் அப்படியே நொய்யலில் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டு விவசாயிக்குப் பகையாயிற்று. 2011 ஜனவரி 28ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, உப்பைப் பிரித்தெடுத்து நீரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதை முதலாளிகள் காதில் வாங்கினார்கள். இடையில் வேலை இழந்து நின்றவர்கள் தொழிலாளர்கள்.

தோல் பதனிடும் குரோமியமும் அப்படியே. நுண்ணுயிர் அதன் வடிவத்தை மாற்றலாம், கசடில் கட்டிவைக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது. கான்பூரில் 1994ல் தோல் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலந்து வரும்படி பெரிய நிலையம் ஓடத் தொடங்கியது. நுண்ணுயிர்கள் தம் பங்கைச் செய்தன, குரோமியமோ ஜாஜ்மாவைச் சுற்றிய வயல்களில் ஏறியது. நமது ராணிப்பேட்டையில் நடந்தது அதிலும் கொடுமை. 2015 ஜனவரி 31ந் தேதி பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தோல் கழிவில் இருக்கும் கந்தகச் சத்தை ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவாக மாற்றும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்று உண்டு. காற்றுப் புகாத இடத்தில் அதன் ஆட்சி. ஊர்ப் பாதாளச் சாக்கடையின் சுவரிலும் அடிச் சேற்றிலும் அது இருக்கிறது. வாயு சேற்றுக்குள் கரைந்து அடங்கிக் கிடக்கும். ஒரு மனிதன் இறங்கிக் கிளறும்போது குபீரென்று கிளம்பும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம்; அதிகமானால் மூக்கின் உணர்ச்சியே செத்துவிடும், நாற்றம் தெரியாது. மூச்சு ஒன்றிரண்டில் ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவான். இந்த ரசாயனம் விஞ்ஞானிகளுக்கு நன்கு தெரியும், இன்ஜினீயருக்குத் தெரியும், காண்டிராக்டருக்கும் தெரியும். தெரிந்தே இறக்குகிறார்கள். இறக்கப்படுபவர் எந்தச் சாதி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

2013ல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2018ல் கேரளத்து இளைஞர்கள் செய்த, ஆளுக்குப் பதிலாகக் குழியில் இறங்கும் இயந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. சாவுச் செய்தி மட்டும் நிற்கவில்லை.

நாம் கோருவது பெரிய காரியமல்ல. நிலையத்துக்குள் வந்த நீர் எப்படி, வெளியே போன நீர் எப்படி என்று அந்தந்த நிலையத்து வாசலில் தினந்தோறும் தமிழில் எழுதி ஒட்டட்டும். ஊதுகுழல் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் அதில் இருக்கட்டும். உயிர்க்கசடைப் பார்த்தே அதன் உடல்நலம் சொல்லும் அனுபவசாலிகள் அங்கே உண்டு. காண்டிராக்ட் மாறும்போதெல்லாம் அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் நிரந்தரமாக்க வேண்டும். உப்பையும் குரோமியத்தையும் ஆலை வாசலுக்குள்ளேயே முதலாளி தன் செலவில் பிரிக்க வேண்டும். பகிரங்கச் சோதனையில் தேறாத எந்தப் பொடிக்கும் பொதுப்பணம் ஒரு காசு போகக்கூடாது. வாயுவைச் சோதிக்காமல் ஒரு மூடி திறக்கக்கூடாது. மனிதனை இறக்கவே கூடாது. இறக்கியவன் சிறைக்குப் போக வேண்டும், நஷ்டஈடு கொடுத்துத் தப்பிக்கக் கூடாது.

வரும் நகரசபைக் கூட்டங்களில் நமது உறுப்பினர்கள் ஒன்று கேட்கட்டும்: சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலையை யாரிடம், என்ன நிபந்தனையில், என்ன இயந்திரத்தோடு விட்டிருக்கிறீர்கள்? அந்த ஒப்பந்தப் பத்திரத்தைச் சபையில் வையுங்கள்.